ஒரே விளையாட்டு, இரண்டு அட்டைகள்: கதையையும் களத்தையும் அட்டைப்படம் எப்படிச் சொல்கிறது?

தாழ்வாரம் (கேள்வி):

வணக்கம். 2001-ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கு வெளிவந்த 'இக்கோ' என்ற வீடியோ விளையாட்டுக்கு இரண்டு வெவ்வேறு அட்டைப்படங்கள் இருப்பதை இங்குள்ள பலர் அறிந்திருப்பீர்கள். அமெரிக்காவில் செப்டம்பர் மாதம் விற்பனைக்கு வந்த பெட்டியின் மீது, தலையில் கொம்பு முளைத்த சிறுவன் ஒருவன் கையில் கட்டையுடன் பெரிதாக நிற்கிறான். அது கணினியில் உருவாக்கப்பட்ட படம். பின்னணியில் கோட்டையின் சில பகுதிகள் தெரிகின்றன. டிசம்பரில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு மார்ச்சில் ஐரோப்பாவிலும் வந்த பெட்டியின் மீதோ கையால் தீட்டியது போன்ற ஓர் ஓவியம் இருக்கிறது. வெறிச்சோடிய நிலம், வளைவுகள் கொண்ட வெண்ணிறக் கட்டடங்கள், நீண்டு விழும் நிழல்கள், அவற்றுக்கு நடுவே கைகோத்து ஓடும் இரண்டு மிகச் சிறிய உருவங்கள் ஆகியவையே அதில் உள்ளன.

எனக்குள்ள ஐயம் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் படத்தில்தான் செய்தி அதிகம். நாயகன் யார், அவனுக்கு என்ன வயது, அவனிடம் என்ன ஆயுதம் இருக்கிறது, கதை எத்தகைய இடத்தில் நிகழ்கிறது என்பவற்றையெல்லாம் அது சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் முகம்கூடத் தெரியவில்லை. ஆயினும் இரண்டாவதைப் பார்க்கும்போதுதான் ஒரு கதை தொடங்கிவிட்ட உணர்வு உண்டாகிறது. முதலாவதைப் பார்க்கும்போது ஒரு பொருள் விற்கப்படுகிறது என்ற உணர்வு மட்டுமே எஞ்சுகிறது. ஒன்று நல்ல ஓவியம், மற்றது சுமாரான படம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் நன்றாக வரையப்பட்டும் எதையும் சொல்லாத அட்டைகள் ஏராளமாக இருக்கின்றனவே! அட்டைப்படம் ஒரு கதையையும் அது நிகழும் களத்தையும் எந்த வழிகளில் நமக்குக் கடத்துகிறது? தங்களுக்குப் பிடித்த அட்டைகளின் பட்டியலைத் தருவதைவிட, அவை எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கினால் மகிழ்வேன்.

மஞ்சள்வானம்:

அமெரிக்க அட்டை சிறுவனைப் பற்றிய விவரங்களைத் தருகிறது. ஜப்பானிய அட்டை அவனுக்கும் அவன் இருக்கும் இடத்துக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. தாங்கள் உணர்ந்த வேறுபாடு அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

ஜப்பானிய அட்டையைத் தீட்டியவர் அந்த விளையாட்டின் இயக்குநரான ஃபுமிட்டோ உவேடாவேதான். அவர் ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ டி கிரிக்கோ 1910-களின் தொடக்கத்தில் வரைந்த 'முடிவிலியின் ஏக்கம்' என்ற ஓவியமே அந்த அட்டைக்குத் தூண்டுதல். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில் உயர்ந்த கோபுரம் ஒன்றும், அதன் உச்சியில் படபடக்கும் கொடிகளும், கீழே வெட்டவெளியில் நிழலோடு நிற்கும் இரண்டு சிறிய மனித உருவங்களும் இருக்கின்றன. உவேடா அங்கிருந்து கோபுரத்தையும் வளைவுகளையும் எடுத்துக்கொண்டார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் எடுத்துக்கொண்டவற்றுள் முதன்மையானது அளவு விகிதம் என்றே நான் சொல்வேன். மனிதன் எவ்வளவு சிறியவன், கட்டடம் எவ்வளவு பெரியது, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வெற்றிடம் கிடக்கிறது என்ற கணக்குதான் அந்த விளையாட்டின் கதையே.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். கொம்புகளோடு பிறந்த காரணத்தால் ஊரார் ஒரு சிறுவனைப் பலி கொடுப்பதற்காகக் கோட்டைக்குக் கொண்டுவந்து கல்பேழையில் அடைத்துவிட்டுச் செல்கிறார்கள். தப்பி வெளியே வரும் அவன், கூண்டில் தொங்கிக்கொண்டிருக்கும் யோர்டா என்ற பெண்ணைக் காண்கிறான். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத நிலையில் இருவரும் சேர்ந்து வெளியேற முயல்கிறார்கள். கோட்டைக்கு ஓர் அரசி உண்டு. ஆனால் அவள் எப்போதாவதுதான் தோன்றுகிறாள். விளையாடும் நேரத்தின் பெரும்பகுதியில் நம்மை எதிர்த்து நிற்பது அந்தக் கோட்டையேயாகும்: எட்டாத விளிம்புகள், அறுந்த பாலங்கள், திறக்காத கதவுகள். கேமராவும் பெரும்பாலும் வெகுதொலைவில் நின்று, சுவரின் முழு உயரத்தையும் காட்டி, சிறுவனை அதன் ஓரத்தில் ஒரு புள்ளியாக விட்டுவிடுகிறது. ஆகவே ஓவிய அட்டை, நாம் விளையாடும்போது காணப்போகும் காட்சிக்கு நேர்மையாக இருக்கிறது. அமெரிக்க அட்டையில் உள்ள அண்மைத் தோற்றமோ விளையாட்டு நமக்கு அரிதாகவே தரும் ஒன்று.

அடுத்து, அந்தக் கைகள். ஒவ்வொரு விளையாட்டிலும் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் செயல் ஒன்று இருக்கும். சுடுவது, தாவுவது, கட்டுவது என்று. 'இக்கோ'வில் அந்தச் செயல் கையைப் பிடித்துக்கொள்வது. கையில் பிடித்து விளையாடும் கட்டுப்பாட்டுக் கருவியின் ஆர்1 பொத்தானை அழுத்தியவாறே இருந்தால் சிறுவன் அவளுடைய கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடுவான். விரலை எடுத்தால் பிடி விட்டுப்போகும். ஓவியத்தில் அந்த இரண்டு உருவங்களுக்கு முகம் இல்லை, ஆடையின் விவரம் இல்லை, ஆனால் கைகள் மட்டும் இணைந்திருக்கின்றன. அவ்வளவு சிறிய உருவத்தில் ஓவியர் எதை விட்டுவைத்தார் என்று பார்த்தாலே அவர் எதைக் கதையின் மையமாகக் கருதினார் என்பது விளங்கிவிடும். அமெரிக்க அட்டையில் மையத்துக்கு வருவது கட்டை. சிறுவன் கட்டையால் அடிப்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சண்டைகள் விளையாட்டின் பலவீனமான பகுதி என்று அதை நேசிப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். அதைப் போய் முகப்பில் வைத்தது எனக்கு இன்றுவரை விளங்காத முடிவு.

நிழல்களையும் சொல்லிவிடுகிறேன். யோர்டாவை இழுத்துச் செல்ல வருபவை நிழலுருவங்கள். கரும்புகை போன்ற உடல் கொண்டவை. விளையாடுவதற்கு முன் அட்டையைப் பார்ப்பவர் நீண்ட நிழல்களைக் கண்டு மாலைப் பொழுது என்று மட்டுமே எண்ணுவார். முடித்துவிட்டு மீண்டும் பார்ப்பவருக்கு அதே நிழல்கள் அச்சமூட்டும். கதையின் எந்தத் திருப்பத்தையும் வெளியே சொல்லிவிடாமல், தெரிந்தவர்க்கு ஒன்றும் தெரியாதவர்க்கு வேறொன்றுமாகப் படிக்கக் கிடைப்பதே அட்டைப்படத்தில் நான் மிகவும் மதிக்கும் திறமை.

பழம்பெட்டி:

மஞ்சள்வானம் அவர்களின் விளக்கத்தை ரசித்துப் படித்தேன். ஆனால் அட்டை விளையாட்டின் காட்சிக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல் மிகப் பிற்காலத்தது; அதை எல்லாக் காலத்துக்கும் பொருத்தினால் இந்தக் கலையின் முதல் பெரும் சாதனையையே தள்ளிவிட நேரும்.

1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே. அதில் வந்த விளையாட்டுகளின் திரையில் தெரிந்தவை சில சதுரங்களும் கோடுகளும்தான். அவற்றுக்காக கிளிஃப் ஸ்போன் முதலிய ஓவியர்கள் வரைந்த அட்டைகளைப் பாருங்கள்: ஒரே தாளில் விமானியின் முகம், பாயும் விமானம், வெடிக்கும் கப்பல் எனப் பல காட்சிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, திரையில் இல்லாத வேகத்தையும் உணர்ச்சியையும் தாங்கி நின்றன. இதைச் சிலர் ஏமாற்று வேலை என்பார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. திரை எதைச் சொல்ல இயலாமல் நின்றதோ அதைச் சொல்லும் பொறுப்பை அட்டை ஏற்றுக்கொண்டது.

இதற்கு 1980-இல் வந்த 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. வாரன் ராபினெட் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் (விளையாட்டைப் பதிந்து கருவியில் செருகும் பெட்டகம்) கோட்டைகளையும், புதிர்ப்பாதைகளையும், மூன்று டிராகன்களையும், மீட்டுவர வேண்டிய மாயக் கிண்ணத்தையும் அடக்கிக்காட்டினார். ஆனால் நாயகன் வெறும் சதுரப் புள்ளி. டிராகன்களைப் பார்த்தால் வாத்து என்றுதான் தோன்றும். சூசன் ஜேக்கல் தீட்டிய அட்டையோ கதைப்புத்தகத்தின் முகப்பைப் போன்றது. அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு விளையாடிய ஒருவருக்கு அந்தச் சதுரம் வீரனாகவும் அந்த வாத்து டிராகனாகவும் மாறிவிடும். களம் என்று தாங்கள் குறிப்பிடுவது முழுக்க முழுக்க அட்டையில்தான் இருந்தது. கார்ட்ரிட்ஜில் இருந்தது அதன் விதிகள் மட்டுமே.

பிறகு நிலைமை தலைகீழானது. 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது; கடைகளில் குவிந்த தரமற்ற விளையாட்டுகளால் வாங்குபவர்களின் நம்பிக்கை போயிருந்தது. 1985-இல் அங்கே என்.இ.எஸ். என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை அறிமுகப்படுத்திய நிண்டெண்டோ, தொடக்க கால விளையாட்டுகளின் கருப்பு நிற அட்டைகளில் திரையில் தெரியும் பிக்சல் உருவங்களையே பெரிதாக்கி அச்சிட்டது. பெட்டியில் காண்பதுதான் உள்ளே இருக்கும் என்ற உறுதிமொழி அது. அதன் விலையாக, ஓவியர் சேர்த்துத் தந்த உலகம் காணாமல் போயிற்று. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அட்டையில் மாரியோ எரிகுழம்பின் மேல் அந்தரத்தில் நிற்கிறார். தாவுகிறாரா, விழப்போகிறாரா என்றுகூடச் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியையும் அதே நிறுவனம் கண்டது. 1987-இல் அமெரிக்காவுக்கு வந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா'வின் பெட்டியில் நிலப்பரப்பும் இல்லை, நாயகனும் இல்லை. பொன்னிறப் பெட்டி, கேடயச் சின்னம், அதில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்ட சாளரம், அதன் வழியே தெரியும் பொன்னிறக் கார்ட்ரிட்ஜ். புதையலைத் தேடும் கதைக்கு, வாங்குபவர் கையிலேயே புதையலைக் கொடுத்துவிட்டார்கள். படமே இல்லாமல் களத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மேலும் ஒன்று. 2004-இல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2'-இல் முழுக் கதையையும் நாயகன் கார்டன் ஃப்ரீமேனின் கண்கள் வழியாகவே பார்க்கிறோம். அவருடைய முகத்தை விளையாட்டு ஒருமுறையும் காட்டுவதில்லை. அந்த முகத்தை நாம் அறிந்தது பெட்டியின் மூலம்தான். கேமரா காட்டாததை அட்டை காட்டியது என்பதற்காக அதைக் குறை கூறுவோமா?

கடைத்தெரு:

அட்டைப்படம் கடை அலமாரியில் இரண்டு நொடி கண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காகப் பிறந்தது என்பதை இருவரும் சற்று மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த 'ஃபேலங்க்ஸ்' விண்வெளியில் சுட்டுத்தள்ளும் ஒரு சாதாரண விளையாட்டு. அதன் அட்டையில் நரைத்த தாடியுடன் ஒரு முதியவர் நாற்காலியில் அமர்ந்து பேன்ஜோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கிறார். பின்னால் மூலையில் ஒரு விண்கலம் பறக்கிறது. இது தவறாக அச்சான படமன்று. ஒரே மாதிரியான விண்கலப் படங்களுக்கு நடுவே தனித்துத் தெரிய வேண்டும் என்று விளம்பரக்காரர்கள் வேண்டுமென்றே செய்தது. கதை, களம் இரண்டையும் கைவிட்ட அட்டை. ஆனால் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறோம், விளையாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்தது, ஊருக்கு ஊர் மாறும் பார்வை. 2009-இல் வந்த 'லெஃப்ட் 4 டெட் 2' அட்டையில் அழுகிய கை ஒன்று இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டும். பிரிட்டனில் புறங்கையைக் காட்டி இரண்டு விரலை நீட்டுவது வசைச் சைகை என்பதால் அங்கே கையைத் திருப்பி உள்ளங்கை தெரியும்படி அச்சிட்டார்கள். ஜப்பானில் சிரித்த முகத்தோடு இருந்த கிர்பி என்ற விளையாட்டு நாயகனுக்கு அமெரிக்க அட்டைகளில் புருவத்தை நெரித்துக் கோபக்காரனாக்கியதும் இவ்வகையே. அங்குள்ள சிறுவர்கள் முரட்டு நாயகனைத்தான் விரும்புவார்கள் என்ற கணிப்பு அதற்குப் பின்னால் இருந்தது. உள்ளே இருப்பது மேகங்களும் புல்வெளியும் நிறைந்த மென்மையான உலகம்; அட்டை மட்டும் சண்டைக்கு அழைக்கிறது. ஓவியருடைய எண்ணம் மட்டுமே அட்டையில் இருக்கிறது என்று படிப்பது சரியாகாது.

தாழ்வாரம்:

மூவருக்கும் நன்றி. கடைத்தெரு அவர்களின் கருத்திலிருந்து தொடர்ந்து கேட்கிறேன். விற்பனையின் அழுத்தம் எப்போதும் கதைக்கு எதிராகவே செயல்படுகிறதா? 'பயோஷாக் இன்ஃபினிட்' அட்டையைச் சுற்றி எழுந்த சர்ச்சை நினைவுக்கு வருகிறது. முதல் 'பயோஷாக்' அட்டையில் இருந்த ஏதோ ஒன்று அதில் இல்லை என்று ரசிகர்கள் சொன்னார்கள். அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதை யாராவது துல்லியமாகச் சொல்ல இயலுமா?

நீர்க்கோட்டை:

முயன்று பார்க்கிறேன். 2007-இல் வந்த முதல் 'பயோஷாக்' 1960-இல், அட்லாண்டிக் கடலின் அடியில் கட்டப்பட்டுச் சீரழிந்துபோன ராப்சர் என்ற நகரத்தில் நிகழ்கிறது. அட்டையில் நாம் ஆட்டுவிக்கும் நாயகன் இல்லவே இல்லை. இருப்பவை இரண்டு உருவங்கள்: பழங்கால மூழ்குவீரர் கவசமும், கையில் பெரிய துளைக்கருவியும் கொண்ட 'பிக் டாடி', அதனருகே 'லிட்டில் சிஸ்டர்' எனப்படும் சிறுமி. மூழ்குவீரர் கவசத்தைப் பார்த்தவுடன் இது கடலடி உலகம் என்று விளங்குகிறது. அதன் அழுக்கும் துருவும் அந்த உலகத்தின் நிலையைச் சொல்கின்றன. அதைவிட முக்கியமாக, கொடிய உருவம் ஒன்று குழந்தையொன்றைக் காத்து நிற்பது ஏன் என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் விழுகிறது. அந்தச் சிறுமிகளைக் காப்பாற்றுவதா, அவர்களிடம் உள்ள ஆற்றலைப் பறித்துக்கொண்டு கொல்வதா என்பதுதான் விளையாட்டு நம்மிடம் கேட்கப்போகும் அறக்கேள்வி. அட்டை அக்கேள்விக்கு உரிய இரண்டு பேரையும் நம்முன் நிறுத்திவிட்டு, விடையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்கிறது.

2013-இல் வந்த 'இன்ஃபினிட்' 1912-இல், வானில் மிதக்கும் கொலம்பியா என்ற நகரத்தில் நிகழ்கிறது; கடனில் மூழ்கிய புக்கர் டிவிட் என்பவர் அங்கே சிறைப்பட்டிருக்கும் எலிசபெத் என்ற இளம்பெண்ணை அழைத்துவரச் செல்கிறார். அந்த இருவருக்கும் இடையிலான உறவின் மீதுதான் மொத்தக் கதையும் நிற்கிறது. அட்டையிலோ புக்கர் தோளில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு தனியாக நிற்கிறார். பின்னால் அமெரிக்கக் கொடி எரிகிறது. எலிசபெத் முகப்பில் இல்லை. மிதக்கும் நகரமும் பார்ப்பவர் கண்ணில் பதியும்படி இல்லை. எனவே 'ஏதோ ஒன்று' என்று ரசிகர்கள் தேடியது இரண்டாவது ஆளையும் அந்த இருவரும் நிற்கும் இடத்தையும்தான். இரண்டையும் எடுத்துவிட்டால் துப்பாக்கியேந்திய ஆண் மட்டுமே எஞ்சுவார். அவரை அந்த ஆண்டில் வந்த எந்தப் பெட்டியின் மீது ஒட்டினாலும் பொருந்தும்.

இயக்குநர் கென் லெவின் இதற்கு வெளிப்படையாகவே விளக்கம் தந்தார். தீவிர ரசிகர்கள் எப்படியும் விளையாட்டைத் தேடி வருவார்கள், விளையாட்டுச் செய்திகளையே படிக்காத ஒருவர் கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த அட்டை என்றார். பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் போன்ற இடங்களுக்குச் சென்று கேட்டபோது அங்கிருந்தவர்களுக்கு 'பயோஷாக்' என்ற பெயரே தெரிந்திருக்கவில்லை என்றும் கூறினார். பிறகு அட்டைத்தாளின் மறுபக்கத்தில் வேறொரு படத்தை அச்சிட்டு, அது எதுவாக இருக்க வேண்டும் என்பதை ரசிகர்களின் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். கடைக்கு ஒரு முகம், வீட்டு அலமாரிக்கு வேறு முகம். 2016-இல் வந்த 'டூம்' விளையாட்டிலும் இதுவே நடந்தது. 1993-ஆம் ஆண்டு 'டூம்' பெட்டிக்கு டான் ஐவன் பஞ்சாட்ஸ் தீட்டிய ஓவியத்தில், அரக்கர் கூட்டம் நாற்புறமும் ஏறி வர, மேட்டின் மேல் நின்று ஒரு வீரன் சுட்டுக்கொண்டிருப்பான். 2016-இன் முகப்பில் வீரன் மட்டும் தனியாக நடந்து வந்தான். கடைசியில் மறுபக்கத்துக்கு ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது பழைய ஓவியத்தை நினைவூட்டும் படத்தைத்தான். அந்த ஓவியத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை; ஆனால் எண்ணிக்கையில் அடங்காத பகைவர்களுக்கு நடுவே ஒருவன் என்ற நிலை இருந்தது.

தாழ்வாரம் அவர்களின் முதல் கேள்விக்கு வருகிறேன். விற்பனையும் கதையும் எப்போதும் எதிரெதிர் என்று சொல்ல முடியாது. 2013-இலேயே வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' அட்டையில் பதினான்கு வயதுச் சிறுமி எல்லியை முன்னால் வைத்ததை மாற்றிப் பின்னுக்குத் தள்ளும்படி தங்களிடம் கேட்கப்பட்டதாகவும், அதற்கு உடன்பட மறுத்ததாகவும் நாட்டி டாக் நிறுவனத்தின் நீல் டிரக்மேன் கூறியிருக்கிறார். அவளோடு பயணிக்கும் ஜோயலும் எல்லியும் சேர்ந்து, இயற்கை விழுங்கிக்கொண்டிருக்கும் நகரத்தின் நடுவே இருக்கும் அந்த அட்டையோடுதான் அது மாபெரும் விற்பனையைக் கண்டது. அட்டையால்தான் விற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுமியை முன்னிறுத்தினால் விற்காது என்ற பேச்சுக்கு அதற்குப் பிறகு இடமில்லை. 'இக்கோ' பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் அது சரியாக விற்காததற்கு அங்கு இட்ட அட்டையும், பொருள் விளங்காத பெயரும் காரணங்கள் என்று சோனியின் ஜப்பான் ஸ்டுடியோவைச் சேர்ந்த யாசுஹிடே கோபயாஷி 2009-இல் கருத்துத் தெரிவித்தார். ஆனால் அது எங்கே வெளியிட்டாலும் சிலரை மட்டுமே கவரக்கூடிய அமைதியான விளையாட்டு.

முதுகைக் காட்டி நிற்கும் உருவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஃபைனல் ஃபேன்டசி 7'-இன் 1997 அமெரிக்க அட்டையில் நாயகன் கிளவுட் நமக்கு முதுகைக் காட்டியபடி, பெரிய வாளுடன், மிட்கர் நகரத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் ஷின்ரா நிறுவனத்தின் கட்டடத்தை நோக்கி நிற்கிறான். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1818-ஐ ஒட்டி வரைந்த, பனிமூட்டத்தின் மேல் பாறையில் நிற்கும் மனிதனின் ஓவியத்திலும் இதே அமைப்பு இருக்கிறது. முகம் தெரியாததால் பார்ப்பவர் அந்த உருவத்தின் இடத்தில் தம்மை வைத்துக்கொள்கிறார்; அவன் எதைப் பார்க்கிறானோ அதையே நாமும் பார்க்கிறோம். நாயகனின் பார்வை போகும் திசையில் கதையின் இலக்கை வைத்துவிட்டால் அட்டைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 2012-இல் வந்த 'ஜர்னி' இதன் எல்லைக்கே சென்றது. அங்கியணிந்த ஓர் உருவம், தொலைவில் உச்சியில் ஒளி வீசும் மலை, அவ்வளவுதான். அந்த மலையை நோக்கி நடந்து சேர்வதே மொத்த விளையாட்டும். முழுக் கதையையும் அட்டையிலேயே போட்டுடைத்துவிட்டு, விளையாடுபவருக்கு ஒரு குறையும் வைக்காத அட்டை அது.

சிறுதிரை:

இனி வரும் காலத்தில் இந்த அளவு விகிதக் கலை எங்கே போகும் என்பதே என் கவலை. இப்போது அட்டையை நாம் பெரும்பாலும் பார்ப்பது ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில், கட்டைவிரல் நகத்தளவில். உவேடாவின் ஓவியத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் இரண்டு உருவங்களும் மறைந்து, ஏதோ கட்டடம் என்பது மட்டுமே மிஞ்சும். சிறிய சதுரத்தில் நிலைத்து நிற்கக்கூடியவை முகமும் எழுத்தும்தான். 2012-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' செயலியின் சின்னத்தில் மஞ்சள் மீசைக்காரன் ஒருவன் வாயைப் பிளந்து கத்தினான்; அதற்குப் பின் கைப்பேசி விளையாட்டுகளில் வாயைப் பிளக்காத சின்னத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

படத்தின் மேல் விருதுகள், மதிப்பெண்கள், தள்ளுபடி வாசகங்கள் எல்லாம் ஏறிக்கொண்டே போனதால், 2022 செப்டம்பர் முதல் விளையாட்டின் பெயரைத் தவிர அத்தகைய எழுத்துகள் கூடாது என்று ஸ்டீம் விதி கொண்டுவந்தது. அது ஒரு நல்ல முடிவு. சிறிய சதுரத்திலும் களத்தைச் சொல்ல வழி இருக்கிறது என்பதற்கு 2017-இல் வந்த 'ஹாலோ நைட்' சான்று. கருநீல இருட்டின் நடுவே கொம்பு வைத்த வெண்ணிற முகமூடி, அதில் இரண்டு கருங்குழிகளாகக் கண்கள். எவ்வளவு சுருக்கினாலும் அந்த வெண்மைக்கும் இருட்டுக்கும் உள்ள முரண் குலைவதில்லை. நிலத்தடியில் அழிந்துபோன பூச்சிகளின் அரசில் ஒற்றை உயிர் நடமாடுகிறது என்ற நிலையும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் இது அளவு விகிதத்தால் வந்ததன்று, நிற முரணால் வந்தது. ஓவியர்கள் கருவியை மாற்றிக்கொண்டார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பழம்பெட்டி:

சிறுதிரை அவர்களின் கவலையில் பாதியை மட்டுமே நான் பகிர்ந்துகொள்வேன். முன்பு களத்தைச் சொல்லும் வேலை அட்டையின் முகப்பில் மட்டும் நடக்கவில்லை. பெட்டியின் பின்புறத்தில் திரைக்காட்சிகளும் கதைச் சுருக்கமும் இருந்தன. உள்ளே கையேடு இருந்தது. 'செல்டா' போன்றவற்றில் மடித்துவைத்த வரைபடமும் இருந்தது. கையேட்டில் இருந்த ஓவியங்களைப் பார்த்த பிறகே பலர் கார்ட்ரிட்ஜைக் கருவியில் செருகினார்கள். இன்று அந்தப் பணிகளை இணையக் கடையின் பக்கத்தில் உள்ள காணொளியும் திரைக்காட்சிகளும் எடுத்துக்கொண்டன; கையேடு அநேகமாக இல்லாமலே போய்விட்டது. முகப்புப் படம் இழந்த இடத்தைவிடக் கையேடு இழந்த இடமே பெரிது என்பேன். கையேட்டு ஓவியங்களைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்குத் தனி இழை ஒன்றைத் தொடங்குகிறேன், இங்கே அதைக் கலக்க வேண்டாம்.